மச்சான் பக்கம்

என் வீட்டுக்காரர் பெயர் இளவரசு. அரசு, அரண்மனை எல்லாம் பெயரோடு சரி. ஆள் விடிந்ததிலிருந்து லாரிக்கு அடியில் கிடப்பவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதைவிட, வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அவர் கால்களைப் பார்த்துப் பேசியதுதான் ஜாஸ்தி. கால் அசைந்தால் ஆமாம். அசையாவிட்டால் இல்லை. இப்படியும் ஒரு குடும்பம் ஓடுகிறது.

அவருக்கு மங்கலம்பேட்டை. பத்தாவது பரீட்சைக்குப் போகாமல் பண்ருட்டிக்கு ஓடிப்போய், பலாப்பழம் ஏற்றுகிற லாரிகளுக்குக் கிரீஸ் அடித்து வேலை பழகியவர். எங்களுக்குக் கீரப்பாளையம். பெண் பார்க்க வந்தபோது அவர் நகமெல்லாம் கருப்பாக இருந்தது. "மாப்ள கைய கூட கழுவாம வந்துட்டாரே" என்று என் அம்மா அடுக்களையில் முணுமுணுத்தாள். பாவம், சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார். அந்தக் கருப்பு இன்றைக்கும் போகவில்லை.

என் தம்பி மணவாளன் அப்போது ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டுவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான். "மச்சான என்னோட அனுப்புங்க" என்று இவர்தான் கேட்டுக் கூட்டிப்போனார். அப்புறம் சிதம்பரம் பைபாஸில் தகரக் கொட்டகை போட்டு, டிரெய்லர் வண்டிகளுக்கு மட்டும் வேலை செய்கிற கடையை இரண்டு பேரும் சேர்ந்தே ஆரம்பித்தார்கள். மற்ற கடைகளில் ஒரு மேஸ்திரி, அவருக்குக் கீழே கையாள் என்று இருக்கும். இங்கே அப்படி இல்லை. வண்டியை நீளவாக்கில் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வலது பக்கம் இவருக்கு, இடது பக்கம் தம்பிக்கு. யாரும் பேசி வைக்கவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

ஆளுக்கொரு பக்கம் அடியில் படுத்து வேலை செய்வார்கள். ஒருத்தர் முடித்ததும் "ஆச்சா?" என்பார். மற்றவர் "ஆச்சு" என்பார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். அவ்வளவுதான். ஒருத்தர் பக்கத்தை மற்றவர் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஒருதரம் நான் இவரிடம், "ஒருவாட்டி அந்தப் பக்கமும் பாத்துட்டு அனுப்பக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். வந்ததே கோபம்! "மச்சான் ஆச்சுன்னு சொன்னப்புறம் நான் போயி தொட்டுப் பாத்தா, அவன் மூஞ்சில அடிச்ச மாதிரி" என்றார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தத் தம்பிக்குத்தான் போன மாசி மாதம் இப்படி ஆனது. கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து கிளாஸ் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவன் அப்படியே சாய்ந்துவிட்டான். புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தப்பியது. இடது காலை இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்துவிட்டான். இடது கை மட்டும் வரவே இல்லை. தோளிலிருந்து தொங்குகிறது. அவன் பெண்டாட்டி சத்யப்பிரியா ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். பகலில் ரயிலடிப் பக்கத்து வாடகை வீட்டில் அவன் தனியாக உட்கார்ந்திருப்பான். மத்தியானச் சோறு நான்தான் கொண்டுபோகிறேன்.

சரி, தம்பிக்கு முடியவில்லை. கடைக்கு இன்னொரு ஆள் வேண்டுமா, வேண்டாமா? இதை நான் கேட்காத நாளில்லை. வேலை கேட்டு வருகிறவர்களையெல்லாம் இவர் "ஆள் இருக்கான்" என்று திருப்பி அனுப்பினார். பண்ருட்டியில் இருக்கும் எழிலன், கை சுத்தமான வேலைக்காரர், இரண்டு முறை அவராகவே போன் செய்தார். அவருக்கும் அதே பதில்தான். "எங்கங்க இருக்கான் ஆளு?" என்று நான் சண்டைக்குப் போனால், "மச்சான் வரட்டும்" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டார்.

இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் செய்தால் உடம்பு என்னத்துக்காகும்? காலையில் படுக்கையிலிருந்து தவணை முறையில் எழுந்திருக்கிறார். முதலில் ஒரு பக்கம் புரண்டு, கையை ஊன்றி, கொஞ்ச நேரம் சும்மா இருந்து, அப்புறம் உட்கார்ந்து, சுவரைப் பிடித்து. இடுப்புக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை எரிகிறது. எனக்கு அலுத்துவிட்டது. தம்பி வீட்டுக்கும் கடைக்கும் நடந்து அலுத்தது ஒரு பக்கம் என்றால், "ஆள் வை, ஆள் வை" என்று சொல்லிச் சொல்லி வாய் அலுத்தது இன்னொரு பக்கம். என்றைக்காவது தனியாகக் கிடக்கிற இந்த மனுஷன் மேல் ஏதாவது ஓர் இரும்பு விழும். எடுத்துப் போடக்கூட ஆள் இருக்காது. இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போனது.

அன்றைக்கு ராஜ்கமல் என்கிற டிரைவர் காரைக்காலிலிருந்து கம்பி லோடு ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போகிற வழியில் கடையில் கொண்டுவந்து வண்டியை நிறுத்தினார். டர்ன்டேபிளில் விரிசல். டர்ன்டேபிள் என்றால், முன்னால் இழுக்கிற வண்டியின் முதுகில் படுத்திருக்கும் பெரிய இரும்புத் தட்டு. பின்னால் இருக்கிற டிரெய்லரின் தலை அதன்மேல்தான் உட்காரும், அதில்தான் பூட்டிக்கொள்ளும். லோடு முழுக்க அந்தத் தட்டை நம்பித்தான் வருகிறது. தட்டு நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. புதுத் தட்டு பண்ருட்டியிலிருந்து குட்டியானை வண்டியில் வந்தது. வந்த ஆட்கள் அதைக் கடை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் சாப்பாட்டுக் கூடையோடு போனபோது டிரெய்லரைத் தனியாகக் காலூன்றி நிறுத்தி, முன்வண்டியை உருவி எடுத்து, பழைய தட்டையும் கழற்றிக் கீழே தள்ளியிருந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும். புதுத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க, இது ரெண்டு ஆள் தூக்குற சாமான். எழிலனுக்கு ஒரு போன் போடட்டுமா?"

"வேணாம்."

"அண்ணே, நான் ஒரு கை குடுக்கறேன்" என்றார் ராஜ்கமல்.

"நீ ஓட்றவன். வெரல் நசுங்குனா ஸ்டேரிங்க எதால புடிப்ப? போயி எங்கனா நெழல்ல படு."

கொட்டகை உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டியிருந்தது. சங்கிலியை இழுக்க இழுக்கத் தட்டு அங்குலம் அங்குலமாக மேலே போனது. இழுப்பது இவர் ஒரு ஆள். தட்டு ஆடினால் பிடிக்க வேண்டியதும் இவரே. சங்கிலியை விட்டுவிட்டு ஓடிவந்து கடப்பாரையால் அண்டை கொடுப்பார். மறுபடி ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடிப்பார். தட்டு வண்டியின் முதுகில் இறங்கியதும்தான் பெரிய கூத்து. போல்ட் ஓட்டைகள் மேலும் கீழும் நேராகச் சேர வேண்டும். வலது பக்கம் சேர்ந்தால் இடது பக்கம் விலகியது. இடது பக்கம் நெம்பினால் வலது பக்கம் ஓடியது. இவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நான் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தட்டின் ஓரத்தைப் பிடிக்கப் போனேன்.

"தொடாத லோகு! கை போயிடும்!"

"ஒங்களுக்கு மட்டும் கை இரும்பா?"

"பேசாம ஒக்காருடி!"

உட்கார்ந்தேன். வண்டியின் இடது பக்கம் ஒரு பழைய டயர் கிடந்தது, அதன்மேல். பிள்ளைபெறுகிற வலியில் கத்துவதுபோலக் கத்திக்கொண்டு அவர் கடைசியாக ஒரு நெம்பு நெம்பினார். ஓட்டைகள் சேர்ந்துகொண்டன. இரண்டு பக்கமும் போல்ட்டுகளைச் செருகி, நட்டுகளைக் கையால் திருகி நிறுத்தினார். இனிமேல் படுத்துக்கொண்டு, ஸ்பானரில் நீளப் பைப்பு செருகி, ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இரும்பு இவர் மேல் விழவில்லை. வலது பக்கம் போய்ப் படுத்தார். பைப்பை இழுக்கும்போதெல்லாம் "ஹ்ம்" என்ற சத்தம் கேட்டது.

நான் கூடையைப் பிரித்தேன். பலகையைத் துடைத்துத் தட்டு வைத்து, சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றினேன். மோரையும் ஒரு சொம்பில் கலக்கினேன்.

"ஆச்சா?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

"ஆச்சு, ஆச்சு" என்றேன். "வாங்க."

வெளியே வந்தார். கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றை அள்ளினால் விரல் மடங்காமல் பாதி தட்டிலேயே கொட்டியது. ஒரு வாயும் முழுசாகப் போய்ச் சேரவில்லை. ஊட்டிவிடலாமா என்று பார்த்தேன். டிரைவர் அங்கேயே நின்றிருந்தார். பேசாமல் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். அவர் சாப்பிட்டு முடித்து, மாட்டிய இரும்புத் தட்டின்மேல் கிரீஸைப் பூசினார். ராஜ்கமல் முன்வண்டியைப் பின்னால் எடுத்து டிரெய்லரில் பூட்டினார். டமார் என்று பூட்டு விழுந்தது. முன்னால் இழுத்துப் பார்த்தார்; பிடித்தது. "சூப்பர்ணே, ஒத்த ஆளா மாட்டிட்ட!" என்று கையாட்டிவிட்டு வண்டியைக் கடலூர் ரோட்டில் ஏற்றினார்.

நான் தம்பி வீட்டுக்குப் போகும்போது மூன்று மணிக்கு மேலாகிவிட்டது. அவனுக்கு இந்தக் கதையெல்லாம் கேட்க வேண்டும். என்ன வண்டி, என்ன லோடு, எங்கே விரிசல், எல்லாம் கேட்பான். அவனுக்கு அதுதான் சோறு. நானும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வாயாரத் திட்டுகிறேனே தவிர, புருஷன் தனி ஆளாக அதைத் தூக்கி மாட்டியதில் எனக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

"சங்கிலிய வுட்டுட்டு ஓடியாந்து கடப்பாரய குடுத்தாரா?" என்று கேட்டுச் சிரித்தான். "மாமாவுக்குக் கொழுப்புக்கா. ஓட்ட எப்பிடிச் சேந்துச்சு?"

"சுத்திச் சுத்தி வந்தாருடா. பாக்க எனக்கே தல சுத்துச்சு."

"அப்புறம்? முறுக்குனது?"

"படுத்துக்கிட்டு பைப்பு போட்டு முறுக்குனாரு."

"எடப்பக்கம் யாரு முறுக்குனா?"

"அவருதான்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது.

இடது பக்கம் நான்தானே உட்கார்ந்திருந்தேன்? அங்கே பலகையும் சோறும் மோர்ச் சொம்பும் நானும்தான். அவர் கால் அந்தப் பக்கம் வரவே இல்லை. வலது பக்கம் படுத்தார், வலது பக்கம் எழுந்தார், சாப்பிட வந்தார்.

தம்பி என் முகத்தையே பார்த்தான். "அக்கா, மாமா ஆச்சான்னு கேட்டாரா?"

"கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?"

"நான் சோத்தச் சொன்னேன்டா! சோறு போட்டாச்சுன்னு சொன்னேன்டா!" என்று கத்தினேன்.

வண்டிக்கு அடியில் படுத்த மனுஷனுக்குப் பழைய பழக்கம் வந்துவிட்டது. "ஆச்சா?" என்று இடது பக்கத்தைப் பார்த்துக் கேட்டார். இத்தனை மாதமாக வராத பதில் அன்றைக்கு "ஆச்சு" என்று இடது பக்கத்திலிருந்து வந்துவிட்டது. மச்சான் முடித்துவிட்டான் என்று உடம்பு நம்பிவிட்டது. எட்டிப் பார்க்கக் கூடாதே, அந்த மரியாதை வேறு.

அவருக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ" என்று ஒரே ஒரு வார்த்தை. அடுத்து எங்கள் ஆம்னி வேன் உறுமுவது கேட்டது.

ராஜ்கமல் நம்பர் தம்பி போனில் இருந்தது, போட்டான். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. இடது பக்கம் முழுக்கக் கைத்திருகல்தான். வெறும் விரலால் சுற்றிவிட்டது. ஓட ஓட அதிர்ந்து கழன்று வரும். எவனாவது குறுக்கே வந்து ஒரு பிரேக் அடித்தால் போதும். தட்டு ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொள்ளும். பின்னால் இருக்கிற அவ்வளவு கம்பியும் டிரைவர் முதுகில் ஏறும். இதை அவன் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கடையில் இத்தனை வருஷம் சோறு கொண்டுபோனவளுக்கு இது தெரியாதா?

ராஜ்கமல் பி.முட்லூர் தாண்டியிருப்பாரா? புதுச்சத்திரத்தில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டை அடைத்துக்கொண்டு போகும். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். சாமியைக் கூப்பிடக்கூடத் தெம்பில்லை. தம்பி போனை மடியில் வைத்து வலது கையால் அழுத்திக்கொண்டே இருந்தான். நான் கொண்டுபோன சோறு மூடியபடியே கிடந்தது.

ராஜ்கமல் எடுக்கவே இல்லை. என் போன்தான் அடித்தது. அவர்.

"புடிச்சிட்டேன். ஆலப்பாக்கத்தாண்ட."

"யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"இல்ல. என்னமோ லொட லொடன்னுதாம். புதுசு, செட் ஆவும்னு நெனச்சிக்கிட்டு ஓட்டியாந்திருக்கான். ரெண்டு நட்டு ரோட்லயே வுழுந்து போச்சு." மூச்சு வாங்கினார். "முறுக்கிட்டேன் லோகு. எல்லாத்தயும் முறுக்கிட்டேன்."

நேராகத் தம்பி வீட்டுக்குத்தான் வந்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. தம்பியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். முழங்கையெல்லாம் தார் ரோட்டில் தேய்ந்து ரத்தம். என்னைப் பார்த்து, "நீ ஏன்டி ஆச்சுன்ன?" என்றார்.

"சோறு போட்டவ வேற இன்னாத்த சொல்லுவா? ஆவலன்னா சொல்லுவா?"

தம்பி சிரித்தான். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோய் வந்த பிறகு அவன் இப்படி வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. ஒரு பக்க உதடு வராமல், கோணிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவரும் சிரிக்க ஆரம்பித்தார். நானும்தான். மூன்று பேரும் பைத்தியம்போல் சிரித்தோம். அப்புறம் அவன் மட்டும் நிறுத்திவிட்டான்.

"மாமா" என்றான். "எனக்குக் கை வராது."

"வரும் மச்சான். டாக்டரு சொன்னாரு இல்ல, கொஞ்சம் நாளு…"

"வராது மாமா. எனக்குத் தெரியும். மாசி மாசமே தெரியும். நீ மூஞ்சத் தொங்கப் போட்டுக்குவியேன்னு சொல்லல." மூச்சை இழுத்துக்கொண்டான். "நீ எனக்கு எடம் வெச்சிருக்க. எனக்கு சந்தோசந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த எடத்துல யாரும் இல்ல மாமா. இன்னிக்கு அந்தப் புள்ள செத்திருப்பான்."

என் வீட்டுக்காரர் தம்பியின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது தூக்கியபடி வந்தது, தானாக அசையவில்லை. அந்த விரல்களில் ஒட்டிய கிரீஸை வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே இருந்தார். கிரீஸ் அவர் கையிலிருந்து ஒட்டியதுதான். துடைக்கத் துடைக்க இன்னும் ஒட்டியது.

"எழிலன் நம்பர் இருக்காக்கா?" என்று தம்பி கேட்டான்.

நான் அவரைப் பார்த்தேன். இத்தனை மாதமாக வேண்டாம் என்ற வாய். தலையைக் குனிந்துகொண்டு, "மச்சானயே பேசச் சொல்லு" என்றார்.

நம்பரைப் போட்டுத் தம்பி கையில் கொடுத்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எழிலா, நான் மணவாளன் பேசறேன்… ஆங், நல்லா இருக்கேன்… நாளைக்கு மாமா கடைக்கு வந்துடு. எடப்பக்கம் காலியா இருக்கு."

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்து எழுந்து கொல்லைப் பக்கம் கை கழுவப் போனார். குழாய் திறந்த சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அழட்டும் என்று நான் போகவில்லை.